பசியில்லை என்றால் வாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் பலர் ‘பசியில்லை’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வயதானால் அப்படித்தான் என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். வாயைத் திறந்து பார்ப்பவர் யார்? ஆடும் பல், வீங்கிய ஈறு, பொருந்தாத பல்செட், புகையிலை அடக்கியே புண்ணான கன்னம் என்றிருப்பவர் எதை மெல்லுவார்? இங்கேயே விளையும் கேரட்டையும் பீன்ஸையும் ஒதுக்கி, கறியையும் ஒதுக்கி, தேநீரில் நனைத்த ரொட்டியோடு நாளை ஓட்டுகிறார். உடல் இளைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். எச்சில் வற்றினால் ருசியும் மங்கும். ஆண்களோ வலியை வெளியே சொல்வதே அரிது.

80 வயதிலும் 20 பற்கள் என்ற இலக்கோடு ஜப்பானில் 1989-இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். நம்மிடம் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர்கள் டார்ச் அடித்து வாயையும் பார்க்கட்டும். ஆறாத புண் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பட்டும். பல்செட்டுக்கு அளவெடுக்கும் முகாம்கள் தொழிலாளர் குடியிருப்புகளான எஸ்டேட் லயன்களுக்கே வர வேண்டும். அதற்காக முதியவர்களை மலைப்பாதையில் திரும்பத் திரும்ப அலையவைப்பது கொடுமை.

— வாசகர், கோத்தகிரி