ஓஸ்டியாவில் ஒரு நெல் மண்டி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாயிற்று. அவசரப்படாதே. இங்கே மகன் வீட்டில் எல்லோரும் நலம். பேரன் பாதி தமிழிலும் பாதி இத்தாலியத்திலும் என்னோடு வாயாடுகிறான்.

போன வாரம் ஓஸ்டியா போய்வந்தேன். ரோமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். டைபர் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த, பண்டைய ரோமின் துறைமுக நகரம். இன்று அங்கே கடல் இல்லை. ஆற்று வண்டல் கரையைச் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிவிட்டது. 1557 வெள்ளத்தில் ஆறும் திசை மாறிப் போய்விட்டது.

கொலோசியத்தின் முன்னால் எனக்கு வராத நெருக்கம் இங்கே வந்தது. இது உழைத்துப் பிழைத்தவர்களின் ஊர். நாடக அரங்குக்குப் பின்னால் பெரிய சதுக்கம். அதைச் சுற்றிக் கப்பல் வணிகர்களின் சிற்றறைகள். ஒவ்வொன்றின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கற்கள் பதித்த தரைச் சித்திரம். சப்ராத்தா வணிகர்களுக்கு யானை. இன்றைய லிபியாவில் இருக்கும் ஊர் அது. எழுத்தறியாத மாலுமிக்கும் யானையைப் பார்த்தால் இடம் தெரிந்திருக்கும்.

என்னை நகரவிடாமல் நிறுத்தியது தானியம் அளப்பவர்களின் கூடம். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த கோதுமைதான் ரோமுக்குச் சோறு போட்டது. அந்தக் கூடத்தின் தரைச் சித்திரத்தில் ஒருவன் தோளில் மூட்டையோடு வருகிறான். நடுவில் மரக்கால் போன்ற அளவைப் பாத்திரம். பக்கத்தில் தலைதட்டும் கோலோடு ஒருவன். கயிற்றில் கோத்த குச்சிகளைப் பிடித்தபடி கணக்கு வைக்கும் ஒரு பையன்! உங்கள் அப்பாவின் நெல் மண்டியே தரையில் விரிந்தது போலிருந்தது. அரசர்களுக்குச் சிலை வைப்பது எங்கும் உண்டு. தலைதட்டி அளந்தவனையும் எண்ணி நின்ற சிறுவனையும் அந்த அளவைக்காரர்களே தங்கள் தரையில் பதித்துக்கொண்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

ஆற்றுமுகம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கடலிலேயே நின்று படகுகளில் சரக்கை இறக்கினவாம். அதற்காகத்தான் ரோமப் பேரரசன் கிளாடியஸ் கி.பி. 42-இல் வடக்கே புதுத் துறைமுகம் கட்டத் தொடங்கினான். சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகும் செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக ரோமுக்குப் போனதுதானே! அதில் கொஞ்சமாவது இந்தக் கரையில் இறங்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மண்டியில் மூட்டைக் கணக்குக்கு என்ன வைத்திருந்தார்கள், குச்சியா, புளியங்கொட்டையா, சுவரில் கோடா? அப்பா சொன்னது நினைவிருந்தால் விவரமாக எழுது.

அன்புடன்,
ராமு