பனிக்காலணிப் பாதிரியார்

ஆசிரியருக்கு வணக்கம்.

மிஷனரிகள் என்றாலே நம் பத்திரிகைகளில் பேச்சு மதமாற்றத்தோடு நின்றுவிடுகிறது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், ஆள் நடமாட்டம் குறைந்த காட்டுப் பகுதியில் தனியாக ஊழியம் செய்த ஒரு பாதிரியாரின் அன்றாடக் கவலைகளே வேறு.

அப்படி ஊழியம் செய்த பிரெடெரிக் பராகா 1797-இல், இன்றைய ஸ்லோவேனியாவில் பிறந்தவர். வியன்னாவில் சட்டம் படித்துவிட்டுக் குருவானவர் ஆனார். 1830-இன் கடைசி நாளில் நியூயார்க்கில் இறங்கி, வட அமெரிக்காவின் மிச்சிகன், சுப்பீரியர் ஏரிக்கரைகளில் ஒட்டாவா, ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களிடையே 1868-இல் சாகும்வரை உழைத்தார். குளிர்காலத்தில், வலை பின்னிய அகலமான பனிக்காலணியைக் கட்டிக்கொண்டு காட்டுவழியே நாள்கணக்கில் நடப்பார். 1846-இல் சிறு படகில் சுப்பீரியர் ஏரியைக் கடந்தபோது புயலில் சிக்கி, ஓர் ஆற்று முகத்துவாரத்தில் தப்பிக் கரையேறினார். அங்கே ஒரு மரச்சிலுவை நட்டார். அந்த ஆற்றுக்கு இன்றும் சிலுவை ஆறு என்றே பெயர்.

குளிரை விட அவரை வாட்டியது அந்தப் பூர்வகுடி மக்களிடையே வியாபாரிகள் கொண்டுவந்த சாராயம். பணத்துக்கு வியன்னாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அரசு அம்மக்களை மேற்கே விரட்டிவிடுமோ என்ற பயம் வேறு. அதனால்தான் லான்ஸ் என்ற இடத்தில் அவர்களுக்காக நிலம் வாங்கினார். படித்த சட்டம் இங்கே உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மக்களின் பழைய சமயத்தை அவர் ஏற்கவில்லை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1853-இல் அவர் வெளியிட்ட ஒஜிப்வே அகராதியை அந்த மொழியைப் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவருடைய நாட்குறிப்பும் அச்சில் உள்ளது. அதிலிருந்து சில பக்கங்களையாவது ஞாயிறு இணைப்பில் தமிழில் வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர், திண்டுக்கல்