சிங்கத்தின் வாயில் புலியின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், படம் ஆரம்பிக்கும் முன் திரையில் வரும் சினிமா கம்பெனிகளின் முகப்புச் சின்னங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். இங்கே ஊட்டி மலை மேலே பேப்பர் வந்து சேரவே எட்டு மணி ஆகும், அன்றைக்கு மழை வேறு, நனைந்த பேப்பரை அடுப்புப் பக்கத்தில் காயவைத்து ஒரு வரி விடாமல் படித்தேன். நல்ல விஷயம்தான், யாரும் எழுதாத விஷயம். ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்று நீங்கள் போட்ட படம், இன்னொன்று நீங்கள் போடாமல் விட்டது.

முதலில் படம். ஹாலிவுட் எம்.ஜி.எம். கம்பெனியின் சின்னமான சிங்கத்தைப் படுக்கவைத்துக் கட்டி, ஒரு வட்டமான மெஷினுக்குள் அதன் தலையை நுழைத்து, இப்படித்தான் அந்தக் காலத்தில் கர்ஜனையைப் படமெடுத்தார்கள் என்று கீழே எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அது வராத வருடம் இல்லை. அது நோய்வாய்ப்பட்ட ஏதோ ஒரு சிங்கத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது பிடித்த படம், ஸ்டுடியோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படத்தில் இருப்பதே ஸ்கேன் மெஷின் என்று பார்த்தாலே தெரியுமே ஐயா. எக்ஸ்ரே பிலிம் செய்த ஊரில் குடியிருக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

அப்புறம், அந்தச் சிங்கம் ஒரே சிங்கம் என்பது போலவும் எழுதியிருந்தது. இல்லை, ஏழு சிங்கங்கள். சின்னம் எம்.ஜி.எம். பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. கோல்ட்வின் கம்பெனிக்கு விளம்பரம் செய்த ஹோவர்ட் டீட்ஸ் என்பவர், தான் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்து விளையாட்டு அணியின் சிங்கத்தை நினைத்துக்கொண்டு வரைந்து கொடுத்தது அது. 1924-ல் மூன்று கம்பெனிகள் ஒன்றாகி எம்.ஜி.எம். ஆனபோது சிங்கமும் கூடவே வந்தது. அந்த முதல் சிங்கம் ஸ்லாட்ஸ், அயர்லாந்தில் டப்ளின் மிருகக்காட்சிசாலையில் பிறந்தது. ஊமைப்படக் காலம் அல்லவா, அது வாயே திறக்காது, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். 1928-ல் வந்த ஜாக்கிதான் முதலில் சத்தம் கொடுத்தது, அதுவும் திரையிலிருந்து இல்லை, படத்தோடு சேர்த்து ஓட்டிய கிராமபோன் தட்டிலிருந்து. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 1956 வரைக்கும் ஜாக்கிதான் தலை காட்டியது. முழு வண்ண டெக்னிக்கலர் வந்ததும் கலரில் எடுக்க டேனர் என்று வேறொரு சிங்கம். 1957-லிருந்து லியோ, நம் வயதுக்காரர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இதுதான். 2021-ல் அதையும் கம்ப்யூட்டரில் வரைந்த சிங்கமாக்கிவிட்டார்கள். நடுவில் 1927-ல் விளம்பரத்துக்காக ஒரு சிங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி, அந்த விமானம் அரிசோனாவில் போய் விழுந்து, சிங்கம் உயிரோடு தப்பிய கதையும் உண்டு. அதை எழுதியிருந்தால் ஸ்கேன் படத்துக்கு இடமே இருந்திருக்காது.

சிங்கத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. 1982-ல் மார்க் மான்ஜினி என்ற ஒலி வடிவமைப்பாளர் அந்தக் கர்ஜனையைப் புதிதாகச் செய்து கொடுத்தார். நிஜச் சிங்கத்தின் குரலில் அந்த மூர்க்கம் வராது என்று அவர் அதில் புலியின் குரலைப் போட்டார். நாம் சின்ன வகுப்பில் மரபுச்சொல் என்று மனப்பாடம் செய்தோமே, சிங்கம் முழங்கும், புலி உறுமும், யானை பிளிறும், நரி ஊளையிடும் என்று, அந்தக் கணக்கில் எம்.ஜி.எம். சிங்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. மசினகுடிப் பக்கம் ராத்திரி தங்கியவர்களிடம் கேளுங்கள், புலியின் குரல் எப்படி வயிற்றில் இறங்கும் என்று சொல்வார்கள். 1982-க்குப் பிறகு இத்தனை வருடம் கலிபோர்னியாவிலிருந்து வந்த சிங்கம் என்று நாங்கள் கைதட்டியது, கடைசியில் பார்த்தால் முதுமலைக்காரன் சொந்தக்காரனின் குரலுக்கு.

நான் ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். இங்கிலீஷ் படம் என்றால் அசெம்பிளி ரூம்ஸ்தான். பத்துப் பதினோரு வயதில் 'பென்ஹர்' பார்க்கப் போனேன், படம் 1959-ல் வந்தது, எங்கள் மலைக்கு எத்தனையாவது சுற்றோ. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, மடியில் வர்க்கிப் பொட்டலம். எல்லாரும் சிங்கத்துக்காகக் காத்திருக்கிறோம், ஏனென்றால் அது கத்தும்போது பசங்களும் சேர்ந்து கத்துவது வழக்கம். சிங்கம் வந்தது, கத்தவே இல்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "என்னப்பா, சிங்கத்துக்கும் ஊட்டிக் குளிர்ல தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். இன்னொருத்தர் "ஆப்பரேட்டர், சவுண்டு!" என்று கூச்சல். பாவம் ஆப்பரேட்டர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. படம் இயேசு பிறப்பில் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் ஒரு மிருகம் கத்துவது பொருந்தாது என்று டைரக்டர் வில்லியம் வைலர் கேட்டுக்கொண்டு சிங்கத்தை அமைதியாக்கியிருக்கிறார். எனக்கு இது தெரிய முப்பது வருடம் ஆனது.

ஆப்பரேட்டருக்குப் பரிந்து பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள். என் சித்தப்பா ஒரு டூரிங் டாக்கீஸிலும் பிறகு மலையில் ஒரு சின்னத் தியேட்டரிலும் ஆப்பரேட்டராக இருந்தவர். முகப்புச் சின்னத்தை நாங்கள் எம்பளம் என்போம், லோகோ என்ற வார்த்தையெல்லாம் பிறகு வந்தது. அது எப்படிக் காணாமல் போகிறது என்பதை அவர் கேபினில் நின்று பார்த்தவன் நான். படப்பெட்டி கோயம்புத்தூரிலும் மேட்டுப்பாளையத்திலும் ஓடி ஓய்ந்த பிறகுதான் மலை ஏறும், அதற்குள் கீறல் விழுந்து படத்தில் மழை பெய்வது போல் கோடு ஓட ஆரம்பித்திருக்கும். ரீலில் அதிகம் அடிபடுவது தலையும் வாலும்தான். ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பகுதியைத்தான் மெஷினில் மாட்ட வேண்டும், அங்கேதான் கீறல் விழும், அங்கேதான் பிலிம் ஓரத்தில் மெஷின் பல் மாட்டும் ஓட்டை கிழியும். கிழிந்தால் இரண்டு பிரேமை வெட்டி எறிந்துவிட்டு, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்ட வேண்டும். 35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், ஒரு நொடிக்கு 24, அதாவது ஒரு நொடிக்கு ஒன்றரை அடி. இருபது நொடி ஓடும் எம்பளம் என்றால் மொத்தமே முப்பது அடி. ஊருக்கு ஊர் இரண்டு இரண்டு பிரேமாக, சில இடத்தில் முழம் முழமாக வெட்டிக்கொண்டே வந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பழைய பிரின்டில் முதலில் சாவது எம்பளம்தான். ஆங்காங்கே மிச்சமிருப்பதே பெரிய காரியம்.

பிறகு நானே பிலிம் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன், இந்து நகர் எச்.பி.எஃப்., அதாவது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-ல் ஆரம்பித்து 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய கம்பெனி, தூசி இல்லாத குளிர்காற்று வேண்டும் என்று இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஓட்டை போடும் பிரிவில் இருந்தேன், ஒரு பிரேமுக்குப் பக்கத்துக்கு நாலு ஓட்டை. இருட்டிலேயே பாதி ஆயுள் போனது என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்றைக்கு அந்தப் பேக்டரி மூடிக் கிடக்கிறது, அந்தக் கதையைச் சொல்ல இந்தக் கடிதம் போதாது.

சரி, நீங்கள் போடாமல் விட்டதற்கு வருகிறேன். ஹாலிவுட்டுக்கு முக்கால் பக்கம், நம் ஊருக்கு நாலே வரி, அதிலும் 'ஜெமினி, ஏவிஎம் போன்ற நிறுவனங்களும்' என்று ஒரு 'போன்ற'. ஜெமினி சின்னத்தில் குழல் ஊதும் அந்த இரண்டு குட்டிப் பையன்களை ஒரு 'போன்ற'வில் அடக்க எப்படி மனசு வந்தது? தீப்பிடித்து எரிந்துபோன ஸ்டுடியோ ஒன்றை எஸ்.எஸ். வாசன் ஏலத்தில் எடுத்து ஜெமினி என்று பெயர் வைத்தார். ஜெமினி என்றால் மிதுன ராசி, இரட்டையர், அதுதான் அந்த இரட்டைப் பையன்கள். 1948-ல் 'சந்திரலேகா'வை இந்தியிலும் எடுத்து நாடு முழுக்க அனுப்பினாரே, அப்போது வடக்கே தமிழ் ஒரு எழுத்துத் தெரியாதவனுக்கும் இந்தப் பையன்களைத் தெரிந்தது. ஸ்டுடியோ போய் ஓட்டல் வந்துவிட்டது, மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்து ஐம்பது வருடம் ஆகிறது, கண்டக்டர் இன்னும் 'ஜெமினி இறங்கு' என்றுதான் சொல்கிறார்.

விஜயா சினிமா கம்பெனியின் சின்னமான கொடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அனுமன் பொறித்த கொடி பறக்குமே, அது ஏன் அனுமன் என்று யோசித்திருக்கிறீர்களா? விஜயன் என்றால் அர்ச்சுனன், அவன் தேரில் பறந்தது அனுமன் கொடி. கம்பெனியின் பெயரையே படமாக்கி வைத்திருக்கிறார்கள், 'மாயா பஜார்' எடுத்த கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? காரைக்குடியில் படமெடுத்துக்கொண்டிருந்து 1948-ல் கோடம்பாக்கத்துக்கு வந்த ஏவிஎம் வாசலில் சுற்றும் உலக உருண்டையைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வடபழனியில் இறங்கினார்கள், நானும் கல்யாணமான புதிதில் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். சாண்டோ சின்னப்பா தேவர் இன்னும் நேரடி, இரண்டாவது கம்பெனிக்குத் தண்டாயுதபாணி பிலிம்ஸ் என்று பழனி ஆண்டவர் பெயரையே வைத்துவிட்டார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது மிச்சம் ஏற்காடு சாலையில் அந்த வளைவு மட்டும்தான்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் போன பொங்கல். பேரன் லீவுக்கு வந்திருந்தான், அவனுக்கு ஜெமினிப் பையன்களைக் காட்டலாம் என்று உட்கார்ந்தோம். டி.வி.யில் ஒரு சேனல் பழைய படம் போட்டார்கள், நேராக டைட்டில்தான் வந்தது, எம்பளத்தை வெட்டிவிட்டார்கள், அந்த நேரத்துக்கு ஒரு சோப்பு விளம்பரம் கூடுதலாகப் போடலாம் இல்லையா. சரி என்று யூடியூபில் அதே படத்தைத் தேடினோம். ஏற்றியவர் தன் சேனலின் சின்னத்தை முன்னால் ஒட்டியிருந்தார், தீப்பொறி பறக்க, காது கிழிய ஒரு சத்தம், பிறகு மணியை அழுத்தச் சொல்லி ஒரு கை. பையன்கள் இல்லை. மூன்றாவதாகப் பார்த்த பிரதியில் இருந்தார்கள், ஆனால் சரியாக அவர்கள் முகத்தின் மேல் ஒருவர் தன் பெயரைப் பச்சையில் அடித்து வைத்திருந்தார். பேரன் கேட்டான், "தாத்தா, இதுக்குப் போய் ஏன் இவ்ளோ கோபம்? படம் முழுசா இருக்குல்ல?"

படம் முழுசாக இல்லை என்பதுதான் என் கட்சி. சித்தப்பா வெட்டியது படம் ஓடவேண்டும் என்பதற்காக, வேறு வழியில்லாமல். கம்ப்யூட்டரில் ஒரு ஓட்டையும் கிழிவதில்லையே, இவர்கள் எதற்கு வெட்டுகிறார்கள்? எம்பளம் என்பது அந்தப் பிரதியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. எந்தச் சிங்கம் என்று பார்த்தால் எந்தக் காலத்துப் படம் என்று சொல்லிவிடலாம், ஹாலிவுட் யுனிவர்சல் கம்பெனியின் சின்னமான உலக உருண்டையைச் சுற்றி வளையம் இருந்தால் 1963-க்கும் 1990-க்கும் இடையில் என்று சொல்லிவிடலாம். நம் படங்களுக்கு அப்படி ஒரு கணக்கு வைக்கலாம் என்றால் கையில் எம்பளம் இருக்க வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' மொத்தமாகவே போய்விட்டது, 1931-ல் எடுத்தது, ஒரு சுருள் மிஞ்சவில்லை. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய படங்களை உருக்கிய நாடு இது. மிஞ்சியவற்றையாவது தலையோடு வைத்திருக்கக் கூடாதா? இன்றைய படங்களில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், ஆடியோ கம்பெனி, ஓடிடி என்று ஐந்தாறு லோகோ வரிசையாக வந்து, புகையிலை எச்சரிக்கையும் முடிந்து படம் ஆரம்பிப்பதற்குள் பாப்கார்ன் தீர்ந்துவிடுகிறது. அதையெல்லாம் யாரும் வெட்டுவதில்லை.

பழைய படங்களை டிஜிட்டலாக்கி மறுபடி வெளியிடுகிறவர்கள் உங்கள் பேப்பரைப் படிக்கிறவர்கள்தான், சினிமாப் பக்கத்தில் இதை நீங்களே ஒரு தடவை எழுதுங்கள். கூடவே அந்த ஸ்கேன் படத்துக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள், எங்கள் தெரு குரூப்பில் போட எனக்கு உதவும்.

இன்னொன்று. சித்தப்பா வெட்டிய துண்டுகளில் ஒன்று என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது, குழல் ஊதும் பையன்கள், நாலடி, எண்ணிப் பார்த்தேன், 64 பிரேம். ஓட்டினால் மூன்று நொடிகூட வராது. லேசாக வினிகர் வாடை அடிக்க ஆரம்பித்திருக்கிறது, அசிடேட் பிலிம் கெட்டுப்போவதற்கு அதுதான் அறிகுறி, எங்கள் ஊர் ஈரம் வேறு. அதற்குள் உங்கள் நிருபர் யாராவது வந்து படம் எடுத்துக்கொண்டு போகட்டும், ஸ்கேன் படத்துக்குப் பதிலாகப் போடலாம். சீசனில் வரவேண்டாம், ரோடு நகராது. இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிலிம் பேக்டரித் தொழிலாளி,
உதகமண்டலம்