தங்கையைப் பாட்டி வரிசையில் உட்கார வைத்தவர்களுக்கு

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் பரிந்துரைக் குழுவினருக்கும், ஆண்டுதோறும் வாக்களிப்பவர்களுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அமெரிக்கப் பாடகி வாண்டா ஜாக்சனை 2009 ஏப்ரலில் உங்கள் அவையில் சேர்த்தீர்கள். பாடகி ரோசான் கேஷ் மேடையேறி வரவேற்றார். சந்தோஷம்தான். ஆனால் பாடகர் வரிசையில் அல்ல. ‘ஏர்லி இன்ஃப்ளூயன்ஸ்’ என்று முன்னோடிகளுக்காக ஒரு பிரிவு அப்போது வைத்திருந்தீர்களே, அதில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். அங்கே யார் யார் இருக்கிறார்கள்? ராபர்ட் ஜான்சன், ஜிம்மி ராட்ஜர்ஸ், பெஸ்ஸி ஸ்மித், லெட் பெல்லி. ராக் அண்ட் ரோல் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவுவதற்கு முன்பே பாடி, அதற்கு முன்பே கண்ணை மூடியவர்கள்.

வாண்டா பிறந்தது 1937 அக்டோபரில், ஓக்லஹோமாவின் மாட் என்ற சிற்றூரில். எல்விஸ் பிரெஸ்லி அவரைவிட இரண்டே முக்கால் வயது மூத்தவர். ஜெர்ரி லீ லூயிஸ் மூத்தவர். பட்டி ஹாலியும் மூத்தவர். இந்த மூவரையும் 1986-இல், முதல் ஆண்டிலேயே, பாடகர் வரிசையில் சேர்த்தீர்கள். அந்த முதல் பட்டியலின் பத்துப் பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. அண்ணன்மாரெல்லாம் முன்வாசல் வழியாகப் போய்விட்டார்கள், தங்கை மட்டும் 23 வருஷம் கழித்துப் பாட்டிமார் வரிசையில். இது என்ன கணக்கு?

அவர் எங்கோ தள்ளி நின்று பாடியவரும் இல்லை. 1955-இல் எல்விஸோடு ஒரே மேடையில் பாடி ஊர் ஊராகச் சுற்றியவர். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டையே பாடிக்கொண்டிருக்காதே, இந்தப் புது இசையைப் பாடு என்று அவரை நச்சரித்ததே எல்விஸ்தான். ஒரு மோதிரமும் கொடுத்தார் (அந்தக் கதை இங்கே வேண்டாம்). பெண்கள் பாடினால் ரெக்கார்டு விற்காது என்று கம்பெனிக்காரர்கள் சொன்ன காலம் அது. கன்ட்ரி பாடகர்களின் பெரிய மேடையான நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரியில் ஏற, அம்மா தைத்துக் கொடுத்த உடையில் வந்து நின்ற பெண்ணிடம், தோள் தெரிகிறது, மூடிக்கொண்டு போ என்றார்கள். மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பாடிவிட்டு, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். 1958-இல் அவர் பாடிப் பதிவு செய்த ‘லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி’, இரண்டு வருஷம் கிடந்து, 1960-இல்தான் தனி ரெக்கார்டாக வந்து அமெரிக்க டாப் 40-க்குள் நுழைந்தது. அதே பாட்டை எல்விஸ் ஏற்கெனவே பாடியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எல்விஸ் விருந்துக்கு அழைக்கிறார், வாண்டா கதவை உதைத்துத் திறக்கிறார்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். அப்படியென்றால் 2011 ஜனவரியில் வந்த ‘தி பார்ட்டி எய்ன்ட் ஓவர்’ ஆல்பத்தை என்ன செய்வது? முன்னோடி என்று நீங்கள் பட்டயம் கொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு 73 வயது. தயாரித்தவர் ராக் இசைக்கலைஞர் ஜாக் ஒயிட், வாண்டாவின் பேரன் வயதுக்காரர். ஒரு வரி சரியாக வரும்வரை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விடாமல் பாட வைத்திருக்கிறார். வெல்வெட் சுற்றிய செங்கல் என்று வாண்டா அவரைச் சொன்னார். பொருத்தமான பட்டம். ஆல்பத்தில் பாடிய ஆமி வைன்ஹவுஸ் பாட்டில் ஒரு இடம் தன் வயதுக்கும் பக்திக்கும் ஒத்துவராது என்று வாண்டா தயங்கியபோது, வரியை மாற்றிக் கொடுத்ததும் அதே செங்கல்தான். பாப் டிலனின் ‘தண்டர் ஆன் தி மவுன்டன்’ பாட்டில் டிரம்ஸும் ஊதுகருவிகளும் தலைதெறிக்க ஓடுகின்றன. இந்தப் பெண்மணி ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் அவற்றோடு ஓடுகிறார்.

ஆல்பம் குறையில்லாதது என்று வாதாட வரவில்லை. சில பாட்டுகளில் ஊதுகருவிகள் குரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. குரலையே எதிரொலியில் முக்கி எடுத்திருக்கிறார்கள். இது ஜாக் ஒயிட் ஆல்பமா, வாண்டா ஆல்பமா என்று எனக்கே இரண்டு மூன்று இடங்களில் சந்தேகம் வந்தது. ஆனால் கடைசிப் பாட்டுக்கு வந்ததும் அத்தனை சத்தமும் அடங்கிவிடுகிறது. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். பாட்டு ஜிம்மி ராட்ஜர்ஸுடைய ‘புளூ யோடல்’ வரிசையில் ஆறாவது. யோடல் என்றால் அடிக்குரலிலிருந்து உச்சக்குரலுக்குச் சட்டென்று மாறி மாறித் தாவிப் பாடுவது. வயதான தொண்டை அடித்தளத்தில் கரகரக்கிறது. யோடலுக்காகக் குரல் சட்டென்று மேலே தாவுகிற இடத்தில் பழைய ரெக்கார்டுகளின் மழமழப்பு இல்லை, ஒரு சின்ன விரிசல் கேட்கிறது. அதை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கிறேன்.

ராட்ஜர்ஸ் இறந்தது 1933-இல், வாண்டா பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பு. அவர் முன்னோடி, சரி. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்து, ராக் அண்ட் ரோல் பாடி, 73 வயதில் அதே பாட்டை மைக் முன் நின்று பாடுகிறவரும் முன்னோடி என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் மிச்சம் இருக்கிறது?

அதோடும் அவர் நிறுத்தவில்லை. 2012-இல் இன்னொரு ஆல்பம். 2019-இல் மேடைக்கு விடை சொன்ன பிறகும், 2021-இல், 83 வயதில், ராக் பாடகி ஜோன் ஜெட் தயாரிப்பில் ‘என்கோர்’ ஆல்பம்.

ஒருமுறை சேர்த்ததை மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பின்னணிக் குழுக்களை விட்டுவிட்டோம் என்று உணர்ந்து, 2012-இல் தனிக் கமிட்டி போட்டு பட்டி ஹாலியின் ‘கிரிக்கெட்ஸ்’ உள்பட ஆறு குழுக்களைச் சேர்த்தவர்கள் நீங்கள். கணவரோடு சேர்த்து 1991-இல் உள்ளே அழைத்த டீனா டர்னரை, 30 வருஷம் கழித்துத் தனி ஆளாக மறுபடி அழைத்தவர்களும் நீங்களே. வழி தெரியாதவர்கள் இல்லை.

அடுத்த பரிந்துரைக் கூட்டத்தில், பாடகர் பிரிவில் வாண்டா ஜாக்சன் பெயரை ஒருவராவது எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அந்தக் கடைசிப் பாட்டை அறையில் ஒருமுறை போடுங்கள்.

இப்படிக்கு,
தள்ளி இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்