மூன்றாவது பிள்ளைக்கு எதற்குத் தண்டனை? மகாராஷ்டிர அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் தலைமுறைகளாகத் தாராவியில் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். 2001 செப்டம்பருக்குப் பிறகு மூன்றாவது பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. 2005 விதிகளின்படி அரசு வேலையும் கிடையாது. இந்த இரண்டையும் நீக்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆச்சி பெற்றது ஏழு, தங்கியது ஐந்து. அம்மாவுக்கு மூன்று. எனக்கு ஒன்று. யாரும் சட்டத்துக்குப் பயந்து குறைத்துக்கொள்ளவில்லை. பெற்றது பிழைக்கும் என்ற தைரியம் வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பத்துக்குப் பத்து அறையில் பாய் விரிக்க இடமில்லை. இப்போது கேட்கவே வேண்டாம், ஃபீஸ் ஒன்றே போதும்!

மிரட்டியும் பார்த்தாயிற்று. 1976இல் கட்டாயக் கருத்தடை மசோதாவை நிறைவேற்றியது இதே சட்டமன்றம்தான். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது அப்படியே நின்றுபோனது. 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன்கள், பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1977 தேர்தலில் இந்திரா காந்தி ஆட்சியைக் கவிழ்த்தது. அப்புறம் ஆண்கள் பக்கம் போகவே அரசுகள் தயங்கின, சுமை முழுக்கப் பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்.

அதே கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 பிள்ளைகள். மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். அப்படியென்றால் இந்த விதி யாரைத் தடுக்கிறது? ஆண் வாரிசு வேண்டும் என்று மாமியார் வீடு நெருக்க, மூன்றாவது பெற்றவளைத்தான். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று நீங்களே ஒதுக்கிவிட்டு, பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூட விடப்படாதவளை வாசலிலேயே நிறுத்துகிறீர்கள்.

இப்படிப்பட்ட விதி செல்லும் என்று 2003இல் ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். சில ஆண்டுகளிலேயே ஹரியானாவே அதைக் கைவிட்டது. ஆந்திரமும் 2024இல் விட்டது. பிள்ளை நிறையப் பெறுங்கள் என்ற பேச்சோடு விட்டது என்பது வேறு கூத்து. அன்று வேண்டாம், இன்று வேண்டும் என்று அரசு சொல்லச் சொல்லப் பெற்றுக்கொண்டிருக்க முடியுமா?

வரும் கூட்டத்தொடரிலேயே திருத்த மசோதாவைக் கொண்டுவாருங்கள். இந்த விதியால் பதவி இழந்தவர்கள் மறுபடி போட்டியிடவும் அதில் வழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாராவி வாக்காளர் ஒருத்தி