அப்பாவுக்கு, செமந்தான் ஆற்றங்கரையிலிருந்து

மெந்தகாப், பகாங், மலேசியா
அக்டோபர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன். தங்கச்சி சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

தோட்டத்து வேலை பழகிவிட்டது. விடியும் முன் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அப்புறம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையில் குலை வெட்டு. ஒரு குலை 20 கிலோகூட இருக்கும். நீளக் கம்பியில் அரிவாளை மாட்டி அண்ணாந்து பார்த்தே வெட்டுவதில் கழுத்துதான் வலிக்கிறது. பணம் அனுப்பிவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அப்பா, இங்கே கெளுத்தி இருக்கிறது! நம் கொள்ளிடத்துக் கெளுத்தியின் சொந்தக்காரர்கள் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறார்கள். ஊரை ஒட்டி ஓடுவது செமந்தான் ஆறு. பக்கத்தில் தெமர்லோவில் அது பகாங் ஆற்றில் கலக்கிறது. மலேசியத் தீபகற்பத்திலேயே நீளமான ஆறு இந்தப் பகாங் ஆறுதான். தண்ணீர் எப்போதும் வெதுவெதுவென்று, பால் விட்ட டீ நிறத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் ஒரு தாத்தா என்னைக் கூட்டிப் போகிறார். அவருடைய பாட்டன் கப்பலேறி வந்தவராம். இவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய காலத்திலிருந்து இந்த ஆற்றில் தூண்டில் போடுகிறார். பாவுங் என்று ஒரு மீன், நம் கெளுத்தி மாதிரியே மீசையும் முள்ளும். மண்புழு, கோழிக் குடல், இறால் எதற்கும் வரும். பொழுது சாய்ந்த பிறகு, ஈயக்குண்டு கட்டி அடிமண்ணில் இரையைக் கிடத்த வேண்டும். மழை பெய்து தண்ணீர் கலங்கி ஏறும்போதுதான் நன்றாக இழுக்கிறது. கலங்கலில் எப்படி இரையைக் கண்டுபிடிக்கிறது என்று சின்ன வயதில் உங்களைக் கேட்டேன். "அதுக்கு மீசைதாண்டா நாக்கு" என்றீர்கள். அது நிஜம்தான் அப்பா. மீசையில் மட்டுமில்லை, செதிலில்லாத உடம்பு முழுவதிலும் அதற்குச் சுவை தெரியுமாம்.

இதைச் சொன்னது அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் இருக்கும் மாமா மகன். அங்கே அவனும் இதே ஆட்டம்தான். சேனல் கேட்ஃபிஷ் என்று ஒரு கெளுத்தி, பிளந்த வால், குட்டியில் உடம்பெல்லாம் கரும்புள்ளி. மிசூரிக்கு அதுதான் மாநில மீனாம். கோடையில் இராத்திரி கோழி ஈரலைக் கோத்துப் போடுகிறான். தெற்குக் கரோலினாவில் ஒரு நீர்த்தேக்கத்தில் 58 பவுண்டு மீன் பிடித்ததுதான் இந்த வகையில் இன்றுவரை உலக சாதனை, கிட்டத்தட்ட 26 கிலோ. பிடித்த வருஷம் 1964. நீங்கள் பிறந்த வருஷம்!

போன மாசம் எனக்கு ஒரு தப்பு நடந்தது. பாவுங்கைத் தூண்டிலிலிருந்து கழற்றும் அவசரத்தில், நீங்கள் சொல்லிக்கொடுத்த பிடியை மறந்துவிட்டேன். பக்கத்து முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அது முள்ளை விறைத்துப் பூட்டிக்கொண்டால் லேசில் மடங்காதே. கை வீங்கி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. தாத்தா பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து கையை அதில் முக்கிவைத்தார், கடுப்பு மெதுவாக அடங்கியது. அம்மாவிடம் இந்த இடத்தை வாசிக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். இப்போது முதுகுப்பக்கமிருந்து, பக்க முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துத்தான் பிடிக்கிறேன்.

தெமர்லோவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மீன் பாத்தின். அதுவும் கெளுத்தி வகைதான், வெள்ளி வயிறு, கொழுத்த சதை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆற்றில் கூண்டு கட்டி வளர்த்தது. ஆற்றில் தானாக வளர்ந்ததற்குத் தனி விலை. மலாய்க்காரர்கள் புளிக்கவைத்த டுரியான் பழத்தைக் கரைத்து அதில் குழம்பு வைக்கிறார்கள். முதல் வாய் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டேன், மூன்றாவது வாயில் இன்னும் கொஞ்சம் கேட்டேன். ஆனால் கல்லுப்பும் புளியும் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து அம்மா வைக்கிற குழம்பு நாக்கிலேயே நிற்கிறது.

அந்தப் பாத்தினுக்கு இங்கே இரை என்ன தெரியுமா? செம்பனைப் பழம்! குலை விழும்போது சிதறும் உதிரிப் பழத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டு ஒரு கைப்பிடி எடுத்துப் போகிறோம். இரண்டு நாள் ஊறவைத்து, வாடை ஏறியதும் தூண்டில் முள்ளில் குத்திப் போடுவார் தாத்தா. வாரமெல்லாம் நான் வெட்டும் பழத்தையே ஞாயிற்றுக்கிழமை மீனுக்குக் கொடுக்கிறேன். அவர் இதுவரை நான்கு பிடித்துவிட்டார், எனக்கு ஒன்றுகூட மாட்டவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடலைப் பிண்ணாக்கு இடித்து உருண்டை பிடிப்பீர்களே, அதில் வேறென்ன சேர்ப்பீர்கள்? சோறு பிசைந்தது நினைவிருக்கிறது, வெல்லமா கருவாட்டுத் தூளா என்பதுதான் மறந்துபோனது. தண்ணீரில் கரையாமல் எப்படி நின்றது? அளவோடு தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள். நவம்பர் பிறந்தால் பெருமழை வந்து ஆறு ஏறிவிடும், கரையில் உட்கார முடியாது. அதற்குள் தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் மகன்