உலகப் போருக்குப் போய் மடிந்த எங்கள் ஊராரின் பெயர்களைப் பொறித்துத் தரவும், பழைய நினைவுப் பலகையைக் காக்கவும் கோரும் மனு

அனுப்புநர்
கிராமப் பொதுமக்கள் மற்றும் முன்னாள் படைவீரர்கள்,
(ஊராட்சியின் பெயர், மனுதாரர்களின் முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: முதல் உலகப் போர் நினைவுப் பலகை – சாலைப் பணியில் சேதமாகாமல் காத்தல் – மடிந்தவர்களின் பெயர்களைக் கண்டறிந்து தமிழில் கல் நடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கண்ணமங்கலத்தில் இருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பேருந்து நின்று திரும்பும் இடத்தில் ஒரு பழைய சாவடி உண்டு. அதன் கிழக்குச் சுவரில், ஆள் நின்று பார்த்தால் நெஞ்சு உயரத்தில், ஒரு முழ அகலத்துக்குச் சலவைக்கல் பலகை பதித்திருக்கிறது. அதில் இருப்பது ஆங்கில எழுத்து மட்டும்தான். இந்தக் கிராமத்தில் இருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதுதான் வாசகம். இதே அச்சில் வார்த்த வாசகம் கொண்ட பலகைகள் போர் முடிந்த பிறகு இந்தியா முழுக்கப் பல கிராமங்களில் பதிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கும் வந்தது.

இன்றைக்கு அந்தப் பலகை இருக்கும் நிலையைத் தாங்கள் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. பொங்கலுக்குப் பொங்கல் சாவடிக்கு அடித்த சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களில் இறுகிக் கிடக்கிறது. சாமி கல் என்று நினைத்து எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம், மரியாதையில் செய்ததுதான். மேல் ஓரத்தை மறைத்துக்கொண்டு ஒரு மின்சாரப் பெட்டி. யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை ஒட்டுவதும் அந்தக் கல்லின் மேல்தான், வழவழப்பாக இருப்பதால் பசை நன்றாகப் பிடிக்கிறதாம். போனவர்கள் எண்ணிக்கையை இன்னும் வாசிக்க முடிகிறது. மடிந்தவர்கள் எண்ணிக்கை 3ஆ 8ஆ என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. விரலால் தடவிப் பார்த்தும் தீரவில்லை.

இந்த நிலையில் சாலையை அகலப்படுத்த அளவெடுத்தவர்கள் சாவடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பலகை இருக்கும் பக்கம் முழுவதும் இடிபடும் பகுதிக்குள் வருகிறது. சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வரத் திணறுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சுவர் போகட்டும். ஆனால் பொக்லைன் வருவதற்கு முன்னால் கல்லைப் பெயர்த்தெடுத்துப் பத்திரப்படுத்த ஓர் உத்தரவு வேண்டும். இது அவசரம்.

இதோடு முடிகிற மனுவாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமே கொடுத்திருப்போம். தங்களைத் தேடி வரக் காரணம், அந்தக் கல்லில் இல்லாத பெயர்கள்.

டிசம்பர் 7 கொடி நாள். அன்று எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு சாவடி முன்னால் கூடுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஆசிரியர் அழைத்து வருவார். ஒரு மாலை, ஒரு நிமிட மௌனம், பிறகு மிட்டாய். சென்ற முறை ஆங்கில வாசகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "யார் யார்னு பேரே போடலையே சார்?" என்று கேட்டது. அங்கே நின்ற பெரியவர்கள் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்த டிசம்பர் 7க்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1915ஆம் ஆண்டு அதே நாளில்தான், இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கூட் நகரத்தைத் துருக்கிப் படை முற்றுகையிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை பட்டினி கிடந்து, குதிரைகளை அறுத்துத் தின்று, 1916 ஏப்ரல் 29இல் சரணடைந்தது. ஆயுதம் ஏந்தியவர்களும் சமையல், சுமை, துணி வெளுப்பு என்று வேலைக்குப் போனவர்களுமாக ஏறக்குறைய 13,000 பேர் சிறைப்பட்டார்கள். மறு ஆண்டு மார்ச் 11இல் பாக்தாத் பிரிட்டிஷ் படையிடம் விழுந்தது. அந்தப் படையெடுப்பில் பாலம் கட்டவும் பாதை போடவும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இருந்தது. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் முகாம் உள்ள, இன்றைக்கு நாம் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்று சொல்லும் அதே படைதான். 'தம்பி' என்றால் இந்திய ராணுவத்தில் இன்றும் அவர்களைத்தான் குறிக்கும். அன்றைய வட ஆற்காடு மாவட்டம் அந்தப் படைக்கு ஆள் கொடுத்த மாவட்டம். பக்கத்து வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊர் அவ்வளவு பேர் பெறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஊர்க் கிழவிகள் வாயில் "பஸராவுக்குப் போனவன் மாதிரி" என்றொரு பேச்சு நெடுநாள் இருந்தது. போனவன் திரும்பவில்லை என்று பொருள்.

அந்த பஸ்ராவில் 1929இல் ஒரு பெரிய நினைவகம் திறக்கப்பட்டது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், மாண்டு, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. அங்கேயும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் கல்லில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். 2021இல், இத்தகைய நினைவகங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே தன் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயர் பொறிக்க முடியாத காலம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. பிரான்சில் நூவ் ஷப்பேல் என்ற சிற்றூரில் 1927இல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700க்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. டெல்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேல். பொறிக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் பொறித்தார்கள்.

ஐயா, நமது மாவட்டத்துக்கு இதைச் சொல்ல ஒரு தனி உரிமை உண்டு என்று நம்புகிறோம். செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைத் தாங்கள் அறிவீர்கள். எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முந்தையது. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். யாருடைய ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எதற்காக விழுந்தான், எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கூடவே அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மந்தை காத்த நாய்க்குப் பெயர் எழுதிய மாவட்டம் இது. இங்கே, கடல் கடந்து போய் மடிந்த மனிதர்களுக்கு ஓர் எண் போதும் என்று யாரோ முடிவு செய்து நூறாண்டு ஆகிவிட்டது. அன்று ஆண்டவர்களுக்கு அவர்கள் ஒரு கணக்கு. சுதந்திரம் வந்து எத்தனையோ ஆட்சியர்கள் வந்து போன பிறகும் நமக்கும் அவர்கள் கணக்காகவே இருப்பது நியாயமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெயர்களைக் கண்டுபிடிப்பது முடியாத காரியம் அல்ல. மேற்சொன்ன ஆணையத்தின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் வரை அதில் உண்டு. எங்கள் ஊர் இளைஞர்கள் வட ஆற்காடு என்று போட்டுத் தேடியதில், எங்கள் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியது போன்ற எழுத்துக்கூட்டில் சில பெயர்கள் கிடைத்தன. அதே ஓசையில் அடுத்த தாலுகாவிலும் ஓர் ஊர் இருப்பதால் எங்களால் உறுதி செய்ய முடியவில்லை. பழைய வருவாய்க் கணக்கில் சிப்பாய்களின் குடும்பப் பெயர், பட்டா விவரம் இருந்தால் ஒப்பிடலாம். படைப்பிரிவின் ஆவணங்களைக் கேட்டு நாங்கள் கடிதம் எழுதினால் வரும் பதிலுக்கும், மாவட்ட ஆட்சியர் கேட்டால் வரும் பதிலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகத் தாங்கள் பெங்களூருக்கும் ஆணையத்துக்கும் எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெயர்கள் உறுதியானதும் தமிழில் ஒரு கருங்கல் நடுவதற்கு அனுமதி தர வேண்டும். பழைய சலவைக்கல்லையும் அதனருகிலேயே, பள்ளிக்கூட மதிலை ஒட்டிய அரசுப் புறம்போக்கில், சுண்ணாம்பும் சுவரொட்டியும் எட்டாத உயரத்தில் வைக்கலாம். பணம் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைக் கட்ட ஊரில் சம்மதித்துவிட்டார்கள். ஓய்வூதியம் வாங்குகிற பட்டாளத்துக்காரர்கள் தங்கள் பங்கை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதற்குத் தீர்மானமும் போட்டாயிற்று. நகல் இணைத்துள்ளோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கிராம சபையில் தகராறும் நடந்தது. போனவர்கள் எல்லோரும் எங்கள் தெரு ஆட்கள் என்று ஒரு தரப்பு, எங்கள் தெருவில் இருந்துதான் அதிகம் என்று இன்னொரு தரப்பு. மெட்ராஸ் சாப்பர்ஸில் ஆதிதிராவிடர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள் என்பது வரலாறு. அதை மூடி வைத்துவிட்டுப் பெருமை பேச முடியாது. ஆகவே எல்லாப் பெயரும் ஒரே கல்லில், அகர வரிசையில், சாதிப் பின்னொட்டு இல்லாமல் வர வேண்டும். பதிவேட்டில் பின்னொட்டோடு இருந்தாலும் கல்லில் வேண்டாம். கடைசியில் பெரும்பாலானவர்கள் இதற்கு இசைந்தார்கள். இருந்தாலும் தங்கள் உத்தரவிலேயே இந்த நிபந்தனை இருந்தால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள். சண்டை போடாமல் கூலி வேலைக்குப் போய் அங்கே செத்தவர்களின் பெயர் கிடைத்தால் அதையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

நூறாண்டைத் தாண்டிய பொருளை வரலாற்றுச் சின்னமாகக் கருத 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே இடம் தருகிறது. எங்கள் பலகை அந்த வயதை எட்டிவிட்டது. அறிவிக்கப்பட்ட சின்னமாக ஆக்குங்கள் என்று பெரிதாகக் கேட்கவில்லை. தொல்லியல் துறை அலுவலர் ஒருவர் வந்து பார்த்து, எழுத்துக்குச் சேதமில்லாமல் சுண்ணாம்பை எடுக்கும் வழியைச் சொன்னால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம் என்று ஆர்வமாக ஒருவர் கிளம்பியதைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறோம். 3ஆ 8ஆ என்பது அப்போதாவது தெரியும்.

வெளியூரில் இருந்து பார்க்க வருகிறவர்களும் உண்டு. பெங்களூரில் குடியேறிய குடும்பங்கள், ஊர் ஊராக இப்படிப்பட்ட பலகைகளைத் தேடிப் படமெடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள். மெயின் ரோட்டில் இறங்கி டீக்கடையில் வழி கேட்டால், எந்த நினைவுச் சின்னம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். பிரிவுச் சாலையில் ஒரு பெயர்ப் பலகை வைக்க நெடுஞ்சாலைத் துறைக்குப் பரிந்துரைத்தால் உதவியாக இருக்கும்.

சாலைப் பணி எந்த நாளிலும் தொடங்கலாம் என்பதால், மற்றவை எல்லாம் மெதுவாக நடந்தாலும், பலகையைப் பாதுகாப்பாக எடுத்து வைக்கும் உத்தரவை மட்டும் உடனே வழங்கும்படி பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம். கல்லைப் பெயர்க்கும் நாளை வட்டாட்சியர் வழியாக முன்கூட்டியே தெரிவித்தால், எங்கள் ஊரிலேயே கல்தச்சர்கள் இருக்கிறார்கள், உளியோடு வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமப் பொதுமக்கள் மற்றும் முன்னாள் படைவீரர்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், கிராம சபைத் தீர்மான நகல், பலகையின் புகைப்படங்கள், சுவரில் போட்ட கோட்டின் புகைப்படம்.

நகல்: வருவாய்க் கோட்டாட்சியர், ஆரணி, உதவி இயக்குநர், முன்னாள் படைவீரர் நலன், திருவண்ணாமலை.